துயில் வாயிற் காட்சிகள்



அரசர்களுக்கு வரலாறு உண்டு. ஊர்களுக்கு வரலாறு உண்டு. உண்ணும் சோற்றுக்கும் உடுக்கும் துணிக்கும்கூட வரலாறு உண்டு. நாம் கண்ணை மூடி உறங்கப் போகும் அந்தச் சில நிமிடங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒவ்வோர் இரவும் நம் அனைவர்க்கும் வாய்க்கின்ற அச்சிறு பொழுதைப் பற்றி முன்னோர் என்ன எண்ணினர், எதற்கு அஞ்சினர், பின்னர் எவ்வாறு அதனை ஆராயத் தொடங்கினர் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிறோம். விழிப்பு இன்னும் முற்றும் நீங்கவில்லை; உறக்கம் இன்னும் முற்றும் வந்துவிடவில்லை. மூடிய இமைகளுக்குள்ளே முதலில் ஒளிப்புள்ளிகள் மிதக்கின்றன; வண்ணக் கோலங்கள் சுழல்கின்றன. பிறகு திடீரென ஒரு முகம் தோன்றுகிறது. நாம் ஒருபோதும் கண்டிராத முகம். ஆயினும் மீசையின் நரையும் நெற்றியின் சுருக்கமும் பகலிற் கண்டாற் போலத் தெளிவாகத் தெரிகின்றன. யாரோ நம் பெயரைச் சொல்லி அழைத்தது போல ஒரு குரல் கேட்கிறது. படிக்கட்டில் கால் தவறியது போல உடல் ஒருமுறை தூக்கிப் போடுகிறது. விழித்துப் பார்த்தால் அறையில் ஒருவரும் இல்லை.

இதனைக் கனவு என்று சொல்லிவிடலாமா? முழுதும் அப்படிச் சொல்ல முடியாது. கனவில் நாம் கதைக்குள்ளே இருக்கிறோம். ஓடுகிறோம், அழுகிறோம், பேசுகிறோம். இங்கேயோ, திண்ணையில் அமர்ந்து தெருவிற் போவோரைப் பார்ப்பவர் போல, நாம் வெளியே இருந்து காண்கிறோம். ‘நான் படுத்திருக்கிறேன்’ என்ற அறிவும் ஓரளவு நம்மிடம் எஞ்சியிருக்கிறது. ஆகவே இதனைத் துயில் வாயிற் காட்சி என்று நான் பெயரிட்டு அழைக்கிறேன்.

நம் தமிழ் மொழி உறக்கத்தின் படிகளை நுட்பமாகக் கண்டு சொல் வைத்திருக்கிறது. கண்ணயர்தல் வேறு, துஞ்சுதல் வேறு. அரைத்தூக்கம், கோழித்தூக்கம், கண் சொக்குதல், தூங்கி வழிதல் என்று பேச்சு வழக்கில் வழங்கும் சொற்கள் ஒவ்வொன்றும் தனித்தனி நிலையைக் குறிப்பன. தொல்காப்பியர் தம் மெய்ப்பாட்டியலில் மனத்தின் நிலைகளை அடுக்கிச் செல்லும்போது துஞ்சல், அரற்று, கனவு என்ற மூன்றையும் அடுத்தடுத்து வைக்கிறார். அரற்று என்பதற்கு உறக்கத்தில் வாய்வெருவுதல் என்று பொருள் கொள்வர். உறக்கம், உறக்கத்தில் எழும் சொல், உறக்கத்தில் எழும் காட்சி ஆகிய மூன்றும் அந்தப் பழங்காலத்திலேயே வேறு வேறாகக் கண்டறியப்பட்டிருந்தன என்பது இதனாற் புலப்படும். அரசன் உறங்கப் போவதைப் பாடும் கண்படை நிலை என்றும், அவன் விழித்தெழுவதைப் பாடும் துயிலெடை நிலை என்றும் புறத்திணையில் இரு துறைகள் உண்டு. உறக்கத்தின் முன்வாயிலுக்கு ஒரு பாட்டு. பின்வாயிலுக்கு ஒரு பாட்டு.

தத்துவத் துறையில் இந்த ஆராய்ச்சி இன்னும் ஆழமாகச் சென்றது. மாண்டூக்கிய உபநிடதம் நனவு, கனவு, உறக்கம் என்ற மூன்றையும் கூறி, அவற்றுக்கு அப்பால் துரியம் என்ற நான்காவது நிலையைச் சுட்டுகிறது. சைவ சித்தாந்தம் சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என ஐந்து அவத்தைகளை வகுக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோன்றிய சிவஞான போதத்தின் நான்காம் நூற்பா இவ்வைந்து அவத்தைகளைப் பற்றிப் பேசுவது. அந்நூலை அருளிய மெய்கண்டார் பெண்ணாடத்தில் பிறந்தவர் என்று மரபு கூறும். நான் வாழும் வேப்பூரும் பெண்ணாடமும் விருத்தாசலத்தைச் சூழ்ந்த ஒரே வட்டாரத்தைச் சேர்ந்தவை. உறக்கத்தின் படிகளைப் பற்றிய ஆழ்ந்த சிந்தனை எங்கோ தொலைநாட்டில்தான் பிறந்தது என்று எண்ணும் மாணவர்களுக்கு இச்செய்தியை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

காசுமீரச் சைவ நூலாகிய விஞ்ஞான பைரவம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. புறவுலகம் மறைந்துவிட்டது, உறக்கமோ இன்னும் வந்து சேரவில்லை என்னும் அந்த இடைநிலையிலேயே மனத்தை நிறுத்துக என்று அது பயிற்சி சொல்கிறது. நாம் கவனியாமல் கடந்து போகும் வாயிலையே அந்நூல் தவத்துக்குரிய இடமாகக் கொண்டது.

மேலை நாட்டிலும் கவனித்தவர்கள் இருந்தனர். கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்டாட்டில் கனவுகளைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். உறங்கத் தொடங்கும்போதும் விழித்தெழும்போதும் நமக்கு நேர்வதைக் கூர்ந்து நோக்கி நினைவிற் கொள்ள வேண்டும் என்று அதிற் சொல்கிறார். இருட்டில் பல உருவங்கள் அசையக் கண்டு, அஞ்சித் தலையை மூடிக்கொள்ளும் இளையோரைப் பற்றியும் குறிப்பிடுகிறார். போர்வைக்குள் தலையை இழுத்துக்கொள்ளும் சிறுவன் இருபத்து மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டிலும் இருந்தான் என்பதை எண்ணிப் பாருங்கள்!

அந்த அச்சத்தைப் பற்றி இங்கே சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அமுக்குவான் என்றும் அமுக்குப் பேய் என்றும் ஒரு சொல் வழங்குகிறது. படுத்திருப்பவனுக்கு நினைவு வந்துவிடுகிறது. ஆனால் கை அசையவில்லை, கால் அசையவில்லை, குரல் எழவில்லை. அறையின் மூலையில் யாரோ நிற்பதாகத் தோன்றுகிறது. அவ்வுருவம் நெருங்கி வந்து மார்பின்மேல் அமர்ந்து அமுக்குகிறது. மூச்சு முட்டுகிறது. சில நொடிகள் அல்லது சில நிமிடங்கள் கழித்துக் கட்டு விடுபட்டது போல உடல் அசைகிறது. இதனை அனுபவித்தவன் பேய் என்று நம்பியதில் வியப்பு என்ன?

இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானியர் இதனைக் கனாஷிபாரி என்பர். கட்டுண்டு கிடத்தல் என்பது அதன் கருத்து. கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தீவில் கிழச் சூனியக்காரி வந்து அமர்கிறாள் என்பர். கெட்ட கனவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் பின்பாதியே உறங்குவோரை அழுத்தும் ஒரு தீய ஆவியின் பெயர்தான். 1781ஆம் ஆண்டில் பியூசெலி என்ற ஓவியர், உறங்கும் பெண்ணின் மார்பின்மேல் ஒரு குறளிப் பேய் குந்தியிருப்பதாக வரைந்த படம் உலகப் புகழ் பெற்றது. ஒருவரையொருவர் அறியாத மக்கள், ஒரே அனுபவத்துக்கு வெவ்வேறு பெயரிட்டிருக்கின்றனர். வரலாறு படிக்கும் மாணவன் இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். பேய்கள் நாட்டுக்கு நாடு வேறாக இருக்க, அவை செய்யும் செயல் மட்டும் ஏன் ஒன்றாகவே இருக்கிறது? விடை பேயிடத்தில் இல்லை, மனித உடலிடத்தில் இருக்கிறது என்று ஐயுறுவதற்கு இதுவே முதற் சான்று.

அந்த ஐயம் ஆராய்ச்சியாக மலர்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1826இல் ஜெர்மானிய உடலியல் அறிஞர் யோகன்னஸ் முல்லர், மூடிய கண்களுக்குள் தமக்குத் தோன்றிய உருவங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1848இல் பிரெஞ்சு அறிஞர் ஆல்பிரட் மோரி இக்காட்சிகளுக்கு, ‘உறக்கத்துக்கு இட்டுச் செல்பவை’ என்று பொருள்படும் ஒரு கிரேக்கப் பெயரைச் சூட்டினார். இன்றும் அறிவியலில் அப்பெயரே வழங்குகிறது. மோரி தம்மைத் தாமே ஆராய்ச்சிப் பொருளாக்கிக் கொண்டவர். நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்வார். அருகில் இருப்பவர் அவரை எழுப்புவார். கண்டதை உடனே எழுதி வைப்பார். ஒருமுறை உணவைக் குறைத்துப் பத்தியம் இருந்த காலத்தில், கண்ணயரும் வேளையில் ஓர் உணவுத் தட்டும் அதிலிருந்து முள்கரண்டியால் உணவை எடுக்கும் ஒரு கையும் அவருக்குத் தோன்றினவாம். பசித்த வயிறே படம் வரைந்தது என்று சொல்லலாம். உறக்கத்திலிருந்து விழிப்புக்கு வரும் வாயிலில் தோன்றும் காட்சிகளுக்கு இங்கிலாந்து நாட்டு மயர்ஸ் தனிப் பெயரிட்டார். அவர் இறந்தபின் 1903இல் வெளிவந்த பெருநூல் அப்பெயரைப் பரப்பியது.

1909இல் வியன்னா நகரத்து ஹெர்பர்ட் சில்பரர் எழுதிய கட்டுரை எனக்கு மிகவும் பிடித்தமானது. தூக்கம் கண்ணை இழுக்கும்போது வலிந்து ஏதேனும் ஒரு கருத்தைச் சிந்திக்க முயல்வார் அவர். அக்கருத்து சொல்லாக நில்லாமல் படமாக மாறிவிடுவதைக் கண்டார். ஒரு கட்டுரையிற் கரடுமுரடாக இருந்த பகுதியைத் திருத்த வேண்டும் என்று அவர் எண்ணிக்கொண்டிருந்தார். கண் சொக்கிய அந்த நொடியில், தாம் ஒரு மரத்துண்டை இழைப்புளியால் இழைப்பதாகக் கண்டார்! எண்ணம் உவமையாகிவிட்டது. புலவன் விழித்திருந்து முயன்று செய்யும் வேலையை, உறங்கப் போகும் மனம் முயலாமலே செய்துவிடுகிறது.

இனி, மாணவர்கள் பலரும் கேட்டிருக்கக்கூடிய ஒரு கதை. பென்சீன் என்னும் பொருளின் அணுக்கள் வளையமாக அமைந்தவை என்று 1865இல் வெளியிட்டவர் கெக்குலே. தாம் கணப்பின் முன் கண்ணயர்ந்திருந்தபோது அணுக்கள் பாம்புகளைப் போல நெளிவதாகவும், அவற்றுள் ஒன்று தன் வாலைத் தானே கவ்வுவதாகவும் கண்டதாக அவர் கூறினார். கூறியது எப்போது? 1890இல், அக்கண்டுபிடிப்பின் இருபத்தைந்தாம் ஆண்டு விழாவில். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, விழா மேடையில் சொன்ன நினைவு என்பதால், அதனை அப்படியே ஏற்கத் தயங்கும் வரலாற்றறிஞர்களும் உண்டு. ஒரு செய்தியைக் கேட்டவுடன் ‘யார் சொன்னார்? எப்போது சொன்னார்?’ என்று கேட்பதே வரலாற்று மாணவனின் முதற்கடமை. அக்கதை பொய் என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு எடை தாங்கும் என்று நிறுத்துப் பாருங்கள் என்கிறேன்.

அதே தராசை நம் நாட்டுப் பெருமகன் ஒருவர்க்கும் நாம் எடுக்க வேண்டும். அவர் கணிதமேதை சீனிவாச இராமானுசன். 1887இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். நாமக்கல் நாமகிரித் தாயார் தம் கனவில் வந்து கணித வாய்பாடுகளை உணர்த்துவதாக அவர் நண்பர்களிடம் சொல்வாராம். குருதி ஓடுவது போன்ற ஒரு செந்நிறத் திரையும், அதில் எழுதிச் செல்லும் ஒரு கையும் தமக்குத் தோன்றியதாக அவர் உரைத்தார் என்ற செய்தியும் அவர் வரலாறுகளில் இடம்பெற்றிருக்கிறது.

அவரை நேரில் அறிந்த பேராசிரியர் சேஷு ஐயரும் இராமச்சந்திர ராவும் எழுதிய வரலாற்றுக் குறிப்பு, 1927இல் வெளிவந்த இராமானுசன் கட்டுரைத் தொகுப்பின் முன்பகுதியில் அச்சாயிற்று. படுக்கையிலிருந்து எழுந்தவுடனே அவர் முடிவுகளைக் குறித்து வைத்துக்கொண்டு விரைந்து சரிபார்ப்பார் என்று அவர்கள் சான்று பகர்கின்றனர். உறக்கத்தின் பின்வாயிலில், காட்சி கலையும் முன்னே எழுதுதல்! மோரி பாரிசில் செய்ததை இராமானுசன் தமிழ்நாட்டில் தாமே செய்துவந்தார் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் இங்கிலாந்தில் அவருடன் உழைத்த ஹார்டி, இந்தத் தெய்வீகக் கதைகளுக்கு அதிக இடம் கொடுக்கவில்லை. இராமானுசன் மற்றக் கணித அறிஞரைப் போலவே அறிவு வழியில் சிந்தித்தவர் என்று வலியுறுத்தினார். இருவகைச் சான்றும் நம்முன் இருக்கின்றன. நண்பர்களிடம் தாய்மொழியில் பேசியது ஒன்று. வெளிநாட்டுப் பேராசிரியர் பார்த்தது ஒன்று. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அடித்துவிட வேண்டியதில்லை. இரண்டும் ஒப்புகின்ற இடம் ஒன்று உண்டு. அது அவருடைய உழைப்பு.

பதினாறு வயதளவில், கார் என்பவர் தொகுத்த, ஏறத்தாழ ஐயாயிரம் தேற்றங்கள் கொண்ட ஒரு நூல் இராமானுசன் கைக்கு வந்தது. அதிலுள்ளவற்றைத் தாமே நிறுவிப் பார்க்கும் வேலையில் அவர் மூழ்கினார். தாள் விலை கட்டுபடியாகாமல் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்தார். மற்றப் பாடங்களைக் கைவிட்டதனால் கல்லூரித் தேர்வில் தோற்றார். 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தரானார். 1913 சனவரி 16ஆம் நாள் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார், 1914இல் கப்பலேறினார், 1918இல் அரசக் கழகத்தின் உறுப்பினரானார், 1920 ஏப்பிரல் 26ஆம் நாள் முப்பத்திரண்டு வயதில் மறைந்தார். அவருடைய குறிப்பேடுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அமெரிக்க அறிஞர் புரூஸ் பெர்ண்ட் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். பெரும்பாலானவை சரியென்றே கண்டனர்.

நினைவில் நிறுத்துங்கள்: நாமகிரித் தாயார் கனவில் வந்தாலும், எண்களோடு பத்தாண்டு பழகிய மனத்திடம்தான் எண்களாகப் பேசினாள். விதை விழலாம், உழுத நிலத்தில்தான் அது முளைக்கும். மேலும், எழுந்தவுடன் அவர் செய்த வேலை என்ன? சரிபார்த்தல். கண்டதே போதும் என்று அவர் இருந்துவிடவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இந்த வரலாறு புதுத் திருப்பம் கொண்டது. காண்பவன் சொல்லை மட்டும் நம்பியிருந்த ஆராய்ச்சிக்கு ஒரு கருவி கிடைத்தது. ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதற் பதிவு செய்து, 1929இல் உலகுக்கு அறிவித்தார். கண்ணை மூடி அமைதியாக இருப்பவன் மூளையில் நொடிக்கு ஏறத்தாழ பத்து அலைகள் எழுகின்றன. கண் சொக்கும்போது அவை சிதறி, நொடிக்கு நான்கு முதல் ஏழு வரையான மெல்லிய அலைகள் தோன்றுகின்றன. 1937இல் அமெரிக்காவில் லூமிஸ் குழுவினர் இவ்வலைகளைக் கொண்டு உறக்கத்தைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டினர். 1953இல் சிக்காகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர், உறக்கத்தின் ஒரு பகுதியில் மூடிய இமைகளுக்குள் கண்கள் விரைந்து அசைவதையும், அப்போது எழுப்பினால் பலர் கனவு சொல்வதையும் கண்டனர். தெளிந்த காட்சிகள் அப்பகுதிக்கு மட்டும் உரியவை அல்ல, உறக்கத்தின் நுழைவாயிலிலும் நிரம்ப உண்டு என்று 1965இல் பௌக்சும் வோகலும் காட்டினர்.

அமுக்குவானின் முகமூடியும் இந்த ஆராய்ச்சியால் விலகியது. கண்கள் விரைந்து அசையும் அந்த உறக்கத்தில், கனவில் நாம் ஓடும்போது உடலும் எழுந்து ஓடிவிடாதபடி, மூளை தசைகளைத் தளர்த்திப் பூட்டி வைக்கிறது. இயற்கை செய்த பாதுகாப்பு அது. சில வேளைகளில் அறிவு முன்னதாக விழித்துவிடுகிறது. பூட்டு மட்டும் திறக்கத் தாமதமாகிறது. கனவின் எச்சமும் விழிப்பின் அறிவும் அப்போது கலந்து நிற்கின்றன. மூலையில் நிற்கும் உருவம் கனவின் எச்சம். அசையாத கை அந்தப் பூட்டு. அந்த உருவம் நம் மூளை வைத்திருக்கும் நம் உடலின் படமே வெளியே வீசப்பட்டதாக இருக்கலாம் என்று, தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரனும் பாலந்து ஜலாலும் 2014இல் ஒரு கருத்தை முன்வைத்தனர். அது இன்னும் கருதுகோள்தான். ஆயினும் எண்ணிப் பார்க்கத் தக்கது.

இந்நிலை எத்தனை பேருக்கு நேர்கிறது? பல ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளிவந்த கணக்கின்படி, பொதுமக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பேர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இதனை அனுபவிக்கின்றனர். மாணவரிடையே அது நூற்றுக்கு 28 ஆக உயர்கிறது. ஒழுங்கற்ற தூக்கமும் கவலையும் இதனை வளர்ப்பவை. மாணவர் வாழ்வில் இவ்விரண்டுக்கும் குறைவு ஏது?

நான் தலைமையாசிரியனாக இருந்தபோது பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் வகுப்பில் நாள்தோறும் தூங்கி விழுந்தான். விசாரித்தபோது, இரவில் அமுக்குவான் வருவதால் உறங்கவே அஞ்சுவதாகச் சொன்னான். கையில் மந்திரித்த கயிறு இருந்தது. கயிற்றை அவிழ்க்க நான் சொல்லவில்லை. ஒரு நோட்டைக் கொடுத்தேன். படுத்த நேரம், எழுந்த நேரம், மல்லாந்து படுத்தானா, ஒருக்களித்துப் படுத்தானா, அமுக்குவான் வந்தானா, இவற்றை மட்டும் எழுதச் சொன்னேன். ஒரு மாதம் கழிந்தது. பாடம் படித்து நெடுநேரம் விழித்து, மல்லாந்து படுத்த இரவுகளில்தான் அமுக்குவான் வந்திருந்தான். “அப்படின்னா அது பேய் இல்லீங்களா ஐயா?” என்று கேட்டான். “நேரம் பார்த்து, படுக்கை பார்த்து வருகிற பேய் ஏதப்பா?” என்றேன். சிரித்தான். நேரத்தோடு படுக்கவும் ஒருக்களித்துப் படுக்கவும் தொடங்கினான், அச்சம் குறைந்தது. தேர்விலும் தேறினான். அச்சத்தை வெல்லும் கருவி பல வேளைகளில் ஒரு பென்சிலும் ஒரு நோட்டும்தான்.

மற்றொன்று. எங்கள் வேப்பூர்ப் பக்கத்தில் வேர்க்கடலையை மல்லாட்டை என்பார்கள். ஆய்ப்புக் காலத்தில் பெண்கள் விடிந்தது முதல் பொழுது சாயும் வரை செடியிலிருந்து காய் பிரிப்பார்கள். “ராத்திரி கண்ண மூடினா மல்லாட்டையாத்தான் கொட்டுது, வாத்தியாரய்யா” என்று ஒரு மூதாட்டி என்னிடம் சொன்னதுண்டு. விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்களில் பகல் முழுதும் பொம்மைகளை அச்சிலிருந்து எடுப்பவர்க்கும் இரவில் பொம்மைகள் வரிசை கட்டி வருவது இயல்பே. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டிக்கோல்ட் குழுவினர் இதனையே ஆராய்ந்தனர். விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் என்ற கணினி விளையாட்டை 27 பேர் மூன்று நாள்களில் ஏழு மணி நேரம் ஆடினர். பாதிக்கு மேற்பட்டவர்க்கு, கண்ணயரும் வேளையில் கட்டைகள் விழும் காட்சி தோன்றியது. அவர்களுள் ஐவர் மூளைக் கேட்டினால் புதிய நினைவு பதியாதவர்கள். ஆடிய ஆட்டமே அவர்களுக்கு நினைவில்லை. ஆயினும் அவர்களிலும் மூவர்க்குக் கட்டைகள் தோன்றின! அறிவு மறந்ததை மூளை மறக்கவில்லை. அன்றைய வேலையை மனம் அன்றிரவே எடுத்துப் புரட்டிப் பார்க்கிறது என்பது இதனாற் புலனாகிறது. மூதாட்டி சொன்ன ஒரு வாக்கியத்துக்கு ஆய்வுக்கூடம் அளித்த உரை இது.

கையில் உருண்டை ஒன்றைப் பிடித்தபடி எடிசன் நாற்காலியில் கண்ணயர்வார், உறக்கம் வந்ததும் அது நழுவி விழும், அவ்வோசையில் விழித்துத் தோன்றியதைக் குறித்துக்கொள்வார் என்று ஒரு கதை வழங்குகிறது. 2021இல் பாரிசில் லக்கோவும் உதியேத்தும் அம்முறையைச் சோதித்தனர். 103 பேருக்கு, மறைந்திருக்கும் விதி ஒன்றைக் கண்டால் நொடியில் முடியும் எண்கணக்கு ஒன்று கொடுத்தனர். இடையே இருபது நிமிட ஓய்வு. கையில் ஒரு பொருள். உறக்கத்தின் முதற்படியில் பதினைந்து நொடியேனும் தங்கியவர்களுள் நூற்றுக்கு 83 பேர் அவ்விதியைக் கண்டுபிடித்தனர். விழித்தே இருந்தவர்களுள் நூற்றுக்கு 30 பேரே கண்டனர். அடுத்த படிக்குள் ஆழ்ந்துவிட்டவர்களுள் நூற்றுக்கு 14 பேரே. வாயிற்படியில் நின்றவனுக்குத்தான் பேறு. ஆனால் ஓய்வுக்கு முன்னர் அவர்கள் அனைவரும் அக்கணக்கோடு போராடியிருந்தனர் என்பதையும் மறவாதீர்கள். இராமானுசன் வாழ்க்கை சொன்ன பாடமே இங்கும் வருகிறது.

வாயிலின் பெருமையைச் சொன்னேன்; அதன் கொடுமையையும் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் உள்ளது. இரவு முழுதும் லாரிகளும் பேருந்துகளும் ஓய்வின்றி ஓடுகின்றன. தேநீர்க் கடையில் நிற்கும் ஓட்டுநர்களைக் கேட்டுப் பாருங்கள். விடியற்காலம் மூன்று மணிக்குச் சாலை நடுவே இல்லாத மாடு நிற்பதையும், இல்லாத மனிதர் குறுக்கே நடப்பதையும் கண்டவர்கள் அவர்களில் உண்டு. அது துயில் வாயிற் காட்சியே. கண் திறந்திருக்கும்போதே மூளை சில நொடி உறங்கிவிடும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நான்கு நொடியில் ஏறத்தாழ 89 மீட்டர் ஓடிவிடும். அந்த 89 மீட்டரும் ஓட்டுநர் இல்லாத வண்டிதான். இல்லாத மாடு தோன்றினால், உறக்கம் உள்ளே வந்துவிட்டது என்பதற்கு அதுவே எச்சரிக்கை. சன்னலைத் திறந்து காற்று வாங்குவதால் அது போகாது. வண்டியை ஓரமாக நிறுத்தி உறங்குவதே வழி. உங்கள் வீட்டில் தந்தையோ தமையனோ வண்டி ஓட்டுபவராக இருந்தால், இன்றிரவே இதனை அவர்களிடம் சொல்லுங்கள். இந்தப் பேச்சில் வேறெதை மறந்தாலும் இதனை மறக்க வேண்டாம்.

மாணவர்களே, இந்த வரலாற்றில் மூவகை மனிதரைக் கண்டோம். வாயிலிற் கண்டதைப் பேய் என்று அஞ்சியவர்கள் ஒருவகை. கண்டதை அருள் என்று போற்றியவர்கள் ஒருவகை. கண்டதை எழுதி வைத்து ஆராய்ந்தவர்கள் ஒருவகை. இராமானுசன் போற்றவும் செய்தார். எழுதி ஆராயவும் செய்தார். ஆதலின் பக்தியும் ஆராய்ச்சியும் ஒரே நெஞ்சில் குடியிருக்க முடியாது என்று எவரேனும் சொன்னால், அவர் பெயரை எடுத்துக் காட்டுங்கள்.

தேர்வுக் காலத்தில் இரவெல்லாம் விழித்திருப்பதைப் பெருமையாக எண்ண வேண்டாம். பகலிற் படித்ததை இரவில் புரட்டிப் பார்த்து அடுக்கி வைக்கும் வேலையாளை, உறங்காமல் நீங்கள் வெளியே நிறுத்திவிடுகிறீர்கள். நன்றாகப் படியுங்கள், நேரத்தோடு படுங்கள், தலைமாட்டில் ஒரு சிறு நோட்டும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணயரும்போதோ விழித்தெழும்போதோ ஏதேனும் தோன்றினால் உடனே குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் கடந்தால் அது மறைந்துவிடும். மறுநாட் காலையில், முகம் கழுவிய பின், அதனைப் பகல் வெளிச்சத்தில் சரிபாருங்கள். பத்தில் ஒன்பது வெறும் பதராக இருக்கும். எஞ்சிய ஒன்று மணியாக இருக்கலாம்.